சம்மணம் போட்ட மாஸ்டர்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? சுரங்கத்து வேலை எப்படிப் போகிறது? நான் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆனாலும் மூன்று வேளையும் நன்றாகப் பசிக்கிறது, அதனால் கவலைப்படாதே. போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அழுவேன், பாதியில் லைன் போய்விடும், அப்புறம் இரண்டு பேரும் வாரக்கணக்கில் உர்ரென்று இருப்போம். கடிதம் என்றால் நீ கத்துவது என் காதில் விழாது.

விஷயம் இதுதான். மீசை மாஸ்டர் வேலையை விட்டுப் போய்விட்டார். சும்மா போயிருந்தால் "நல்லா இருங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் பண்ணிவிட்டார். நம் பள்ளிக்கு நேர் எதிரே, பழைய கண்ணாடிக் கடை இருந்த இடத்தில், சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல் திறந்திருக்கிறார். நம் பெயர்ப் பலகையைவிட இரண்டு மடங்கு பெரிய பலகையை வாசலில் நட்டு வைத்திருக்கிறார். நம்மிடம் படித்துக்கொண்டிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். நாம் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் சாலையைக் கடந்தார்கள், அந்த மட்டும் சந்தோஷம்.

இரண்டு காரும் வாசலில் தூசி பிடித்து நிற்கின்றன. காலையில் கதவைத் திறந்து, ஜெபம் பண்ணிவிட்டு, சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவின் பழைய காரை வைத்து நீயும் நானும் ஆரம்பித்த பள்ளி. மாஸ்டர் இல்லாமல் எத்தனை நாள் ஓட்ட முடியும்?

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. வாசல் பந்தலுக்குப் புதுத் துணி போட்டேன். பெரிய காருக்கு இரண்டு டயர் மாற்றினேன். புது மாஸ்டர் வைத்துவிட்டேன். ஆபீஸ் மேசைக் கால் ஆடிக்கொண்டிருந்தது, அதையும் சரி பண்ணியாயிற்று. புது மாஸ்டர் யார் என்று கேட்பாய். உனக்குத் தெரிந்தவர்தான். முட்டை கொண்டு வருவாரே, நம் பிரேக். நிதானமாக யோசித்துப் பதில் எழுது.

உன் அக்கா


ஜனவரி 24

அக்காவுக்கு,

டயருக்கும் மேசைக்காலுக்கும் நடுவில் ஓர் ஆளைச் செருகி அனுப்பினால் என் கண்ணில் படாமல் போய்விடும் என்று நினைத்தாயா?

பிரேக்! சைக்கிளில் முட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு, காக்கை குறுக்கே பறந்தால்கூட இறங்கி நின்று, அதனாலேயே பிரேக் என்று பேர் வாங்கினவன். நம் பள்ளியிலேயே படித்து, டெஸ்டில் ஆறு தடவை ஃபெயிலானவன். ஏழாவது தடவை பாஸானதற்குக் காரணம், டெஸ்ட் எடுத்த அதிகாரி மறுநாள் ஓய்வு பெறப் போகிறவர், யாரையும் அழவைத்துவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை என்று ஊரே பேசியது. நானே அவனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். சிக்னலில் பச்சை விளக்கு எரிகிறது, இவன் நிற்கிறான். "ஏன்யா நிக்கிறே?" என்றால், "நாம போறதுக்குள்ள செகப்பு ஆயிடுமோன்னு தோணுச்சு சார்" என்கிறான். பின்னால் நின்ற பஸ்காரர் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஊரில் வேறு ஆளே இல்லையா?

நீ என்ன பதில் எழுதப் போகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். ஆண்டவர் மீன்காரன் பேதுருவைச் சீடனாகக் கூப்பிடவில்லையா என்பாய். கூப்பிட்டார். ஆனால் படகு ஓட்டத் தெரிந்தவனைப் பார்த்துத்தான் கூப்பிட்டார், அதையும் கவனி. நானும் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் பண்ணி வளர்ந்தவன்தான். ஆனால் விசுவாசத்தைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் பாலிசி தரமாட்டான்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே. அவனை முட்டைக்கே அனுப்பிவிடு. நல்ல அனுபவசாலியாக ஒருவரைப் பார்.

தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

பேதுருவுக்குப் படகு ஓட்டத் தெரியும், சரி. ஆனால் படகு ஓட்டவா கூப்பிட்டார்? படகைக் கரையில் விட்டுவிட்டு வா என்றுதானே கூப்பிட்டார். கொடுத்தது மனிதர்களைச் சேர்க்கிற வேலை. எடுத்த ஆளோ, வாய்க்கு வந்ததைப் பேசி, வீராப்புக் காட்டி, சமயத்தில் ஆண்டவரைப் பற்றியே "எனக்கு அவரைத் தெரியவே தெரியாது" என்று கையை விரிக்கிற ஆள். உன் இன்சூரன்ஸ்காரர் அன்றைக்கு இருந்திருந்தால் அவருக்கும் பாலிசி கொடுத்திருக்கமாட்டார்.

நான் ஏன் இவரை எடுத்தேன் என்று சொல்கிறேன், கேள். நீ காரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாய். நான் டெஸ்ட் மைதானத்தில், வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். நம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற நாளெல்லாம் இவரும் அங்கே இருப்பார், அடுத்த தடவை ஃபெயிலாவதற்காக. ஒரு நாள் தையல்காரம்மா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று தடவை தோற்றவர். மீசை மாஸ்டர் அவர் காதருகே போய், "இந்த வாட்டியும் கோட்டை விட்டீங்கன்னா என் பேரு கெட்டுடும்" என்று தைரியம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நம் பிரேக் மெல்ல நகர்ந்து உட்கார்ந்து, "அம்மா, நானும் இன்னிக்குத் தோக்கத்தான் வந்திருக்கேன். நீங்க தனியா இல்ல, பயப்படாதீங்க" என்றார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போய் வண்டியை எடுத்தார், பாஸானார். அடுத்து இவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மேட்டில் பாதி ஏறி, ஒரு வண்ணத்துப்பூச்சிக்காக நிறுத்தி, ஃபெயிலாகி வந்தார். வந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "அந்த அம்மா என்ன ஆனாங்க?"

இப்படி ஒரு நாள் இல்லை, பல நாள் பார்த்தேன். அவருக்குள் ஒரு மாஸ்டர் இருக்கிறார், அது அவருக்கே தெரியாது என்று அன்றே எனக்குத் தோன்றிவிட்டது.

நான் ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. ஜெபத்தில் பாதி நேரம் கியர் பாக்ஸைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் சொல்லிக்கொள்ளும்படி என்னிடம் ஒன்றும் இல்லாதபோதே ஆண்டவர் என்னைத் தேடி வந்தார் என்று ஞாயிற்றுக்கிழமை மனதாரச் சொல்கிறேன். திங்கட்கிழமை வேலைக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் மார்க் ஷீட்டைக் கொண்டுவா என்றால் என்ன நியாயம்? எனக்கு அது வாயில் வரவில்லை.

மற்றபடி, முட்டை வியாபாரத்தைத் தன் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அதனால் திருப்பி அனுப்ப இடமும் இல்லை.

உன் அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

உன்னோடு வாதாடி ஜெயித்தவர்கள் நம் குடும்பத்தில் யாரும் இல்லை. அப்பாவே கைகழுவி விட்டவர்.

ஜூன் கடைசியில் பள்ளி லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அது என் பெயரில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட வேண்டும், தலைமை மாஸ்டர் யார் என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரை அவனை வைத்துப் பார். அதற்குள் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். பள்ளியை இழுத்து மூடிவிடலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. அவன் கால் எப்போதும் பிரேக்கின் மேல் இருக்க வேண்டும். மாஸ்டர் பக்கம் தனியாக ஒரு பிரேக் வைத்திருப்பது அதற்குத்தான். இதை அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாழ்க்கையில் அந்த ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்திருக்கிறான்.

இங்கே எனக்குத் தலைக்கு மேல் வேலை. இந்தச் சுரங்கத்து லாரியை நீ பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவாய். இரண்டு மாடி வீட்டுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். ஏறுவதற்கே ஏணி வேண்டும். அதை ஓட்டப் பழக்கச் சொல்லி என்னிடம் ஆட்களை அனுப்புகிறார்கள். இதுவரை ஒருவரையும் தேறிவிட்டார் என்று நான் எழுதிக் கொடுக்கவில்லை. தரம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

காதைக் கொடு, நல்ல செய்தி. பெரிய கார் காலையிலிருந்து சாயங்காலம் வரை வாசலில் நிற்பதே இல்லை.

முதலில் தையல்காரம்மாதான் தன் நாத்தனாரை அழைத்துக்கொண்டு வந்தார். நாத்தனார் தன் சிநேகிதியை அழைத்துக்கொண்டு வந்தார். வருகிறவர்கள் எல்லாரும் எங்கேயாவது தோற்றவர்கள் அல்லது பயந்து பாதியில் விட்டவர்கள். கறிக்கடைக்காரர் வந்திருக்கிறார். பார்த்தால் மலை மாதிரி இருப்பார், ஸ்டீயரிங்கைத் தொட்டவுடன் "ஐயோ அம்மா" என்று அலறுவார். பிரேக் அவரைத் திட்டவில்லை. "சத்தமா கத்துங்க சார், ஆனா கண்ணை மூடாம கத்துங்க" என்றார். ஒரு வாரம் கத்தினார். இப்போது சத்தமில்லாமல் கடைக்குக் கறி ஏற்றிக்கொண்டு போகிறார்.

நம் போதகரும் சேர்ந்திருக்கிறார். சபைக்கு யாரோ ஒரு பழைய வேனைக் கொடுத்துவிட்டார்கள், ஓட்டத்தான் ஆள் இல்லை. போதகர் நல்ல மனுஷர், உனக்கே தெரியும். ஆனால் பேச ஆரம்பித்தால் அவருக்கு இரண்டு கையும் மேலே போய்விடும். பிரசங்க மேடையில் சரி, வளைவில் திரும்பும்போதும் அப்படியே என்றால் என்ன செய்வது? பிரேக் அவரிடம், "ஐயா, வண்டியில ஏறினா நீங்க கேக்கற ஆளு, நான் பேசற ஆளு" என்று சொல்லிவிட்டார். போதகரம்மா எனக்குப் போன் பண்ணி, இந்த விதியை வீட்டுக்கும் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்.

மீசை மாஸ்டர் தன் ஜன்னல் வழியே நம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கழுத்து சுளுக்கிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

கால் விஷயம் கேட்டிருந்தாய். அவர் கால் இரண்டும் நன்றாக இருக்கின்றன.

உன் அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

வெறும் வாயை மெல்கிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி மீசை மாஸ்டர் எனக்கு எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். அவர் எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது!

சம்மணமா? மாஸ்டர் சீட்டில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு காலையும் மேலே தூக்கி, பந்தியில் உட்காருகிற மாதிரி சம்மணம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம். நான் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை. "கால் இரண்டும் நன்றாக இருக்கின்றன" என்று எழுதினாயே, உனக்குக் கை கூசவில்லையா?

போதகர் சாலையில் யாரோ சபைக்காரரைப் பார்த்துக் கையசைத்திருக்கிறார். கார் நேராகப் போய் மீசை மாஸ்டரின் பலகைமேல் ஏறி நின்றிருக்கிறது. பலகை இருந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால்? பிரேக்கை மிதிக்க வேண்டியவன் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கார் எப்படி நிற்கும்? மாஸ்டர் பக்கத்துப் பிரேக் என்பது என்ன, அலங்காரத்துக்கா? அது ஒன்று கால்கீழே இருக்கிற தைரியத்தில்தான் ஒரு மனிதன் முன்பின் தெரியாத ஆளை நம்பிப் பக்கத்தில் உட்காருகிறான். அது இல்லாமல் உட்கார்ந்து பார், அப்போது தெரியும் அந்த வேதனை. ஒவ்வொரு நொடியும் உயிர் தொண்டைக்கு வரும். இல்லாதவன் இல்லாமல் தவிக்கிறான். இருக்கிறவன் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறான்!

இந்த மாதத்துக்குள் அவனை அனுப்பிவிடு. இல்லையென்றால் ஜூனில் என் கையெழுத்தை எதிர்பார்க்காதே.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

சாலையில் காலைத் தூக்கி வைத்தது தப்பு. அதை உன்னிடம் மறைத்தது அதைவிடத் தப்பு. இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன். இனிமேல் சாலையில் கால் பிரேக்கின் மேல்தான் இருக்கும். சம்மணம் எல்லாம் காலி மைதானத்தில் மட்டும், அதுவும் ஒரு கை கைப்பிரேக்கில் இருக்க வேண்டும். இது நான் போட்ட சட்டம். அவர் தலையை ஆட்டிவிட்டார்.

ஏன் அப்படி உட்கார்ந்தார் என்று நீ கேட்கவில்லை. நான் கேட்டேன். பெரிதாக ஏதாவது தத்துவம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "மேடம், என் காலைப் பத்தி எனக்குத் தெரியும். கீழ இருந்தா அது சும்மா இருக்காது. அவங்க நல்லா ஓட்டறப்பக்கூட மிதிச்சிடும். மிதிச்சா அவங்க மூஞ்சி சுருங்கிப் போயிடுது. நான் ஆறு வாட்டி அந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போனவன். அதான் என் கால் மேலயே நான் உக்காந்துகிட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

பலகை சாய்ந்த கதையில் மீசை மாஸ்டர் எழுதாத பாகம் ஒன்று இருக்கிறது. போதகர், "இனிமே எனக்கு இது வேண்டாம், ஆண்டவர் எனக்கு நடக்கத்தான் கால் கொடுத்திருக்காரு" என்று கதவைத் திறந்தார். பிரேக் விடவில்லை. "ஐயா, இறங்கிட்டா அப்புறம் ஏற மாட்டீங்க. ரிவர்ஸ் போடுங்க, பாத்துக்கலாம்" என்றார். அத்தனை பேர் வேடிக்கை பார்க்க, போதகர் முதல்முறையாக வண்டியை ஒழுங்காகப் பின்னால் எடுத்து, சாலையோரக் கோட்டுக்குள் நிறுத்தினார். மறுநாள் அவரே போய் மீசை மாஸ்டரின் பலகைக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். எழுத்துக்கள் கொஞ்சம் கோணல். மீசை மாஸ்டர் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்.

அவரை நான் அனுப்பமாட்டேன். நீ கையெழுத்துப் போடாவிட்டால் பள்ளியை மூடிவிட்டு, நான் போய் முட்டை விற்கிறேன். எனக்கும் சைக்கிள் தெரியும்.

இன்னொன்று. நீ கோபப்பட்டால் நாலு வரியில் முடிக்கிறவன். இந்தத் தடவை ஒரு பலகைக்காக உயிர், தொண்டை, வேதனை என்று எழுதியிருக்கிறாய். "இல்லாதவன் இல்லாமல் தவிக்கிறான்" என்று எழுதியிருக்கிறாயே, யார் அது? அங்கே உனக்கு என்ன ஆயிற்று? சாப்பிடுகிறாயா? உன் பெண்டாட்டிக்கு எழுதாவிட்டாலும் எனக்கு எழுது.

உன் அக்கா


மே 14

அன்புள்ள அக்கா,

ஒரு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன்.

இந்த லாரியில் மாஸ்டருக்குப் பிரேக் கிடையாது அக்கா. பக்கத்தில் ஒரு சீட், ஒரு பெல்ட், அவ்வளவுதான். ஓட்டுகிறவன் கையில் எல்லாம் இருக்கிறது, என் கையில் ஒன்றும் இல்லை. வந்த முதல் நாளே என் வலது கால் தானாகத் தரையைத் தேடியது. மிதிக்கிறேன், வெறும் தகரம். சரிவில் இறங்கும்போது அந்தத் தகரத்தை மிதித்து மிதித்து எனக்கு முழங்கால் வீங்கிவிட்டது. இத்தனை வருஷம் நான் பெரிய மாஸ்டர் என்று மார்தட்டிக்கொண்டதெல்லாம் அந்த ஒரு பிரேக்கை நம்பித்தான் என்று இங்கே வந்துதான் தெரிந்தது. மிதிக்க வழியில்லாததால் கத்துகிறேன். "மெதுவா! ஓரம்! நிறுத்து!" என்று மேலே ஏறுவதிலிருந்து கீழே இறங்கும்வரை கத்துகிறேன். தரம் தரம் என்று உனக்கு எழுதினேனே, எல்லாம் பயம். ஒருவனையும் தேற்றாமல் இருந்தால் ஒருவனும் கவிழ்க்கமாட்டான் அல்லவா?

அப்படியும் ஒருவர் கவிழ்த்துவிட்டார். இங்கே சாப்பாட்டுக் கூடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர், என்னைவிட வயதில் மூத்தவர், ஆள் ரொம்பக் குட்டை. லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எல்லாரிடமும் கேட்டுக் கேட்டு ஒருவழியாக என்னிடம் வந்து சேர்ந்தார். மார்ச் மாதம் ஒரு வளைவில், ஓரத்து மண்மேட்டில் சக்கரம் ஏறி, லாரி பக்கவாட்டில் படுத்துவிட்டது. நான் உள்ளேதான் இருந்தேன். பெல்ட் இருந்ததால் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து எல்லாரும் அவரைக் குட்டிக்கரணம் என்று கூப்பிடுகிறார்கள். நீ போதகர் ரிவர்ஸ் எடுத்ததை எழுதியபோது எனக்கு வயிறு எரிந்தது. மீசை மாஸ்டர் கடிதம் வந்தபோது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், அதுதான் உண்மை.

இப்போது மேலதிகாரி என்னிடம் கேட்கிறார். ஜூன் முதல் வாரத்துக்குள் குட்டிக்கரணத்தை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அனுப்பினால் அவருக்குப் பாத்திரம் கழுவுகிற வேலையும் இல்லை, அதற்கு வேறு ஆள் வந்தாயிற்று. வைத்துக்கொண்டால் நான் மறுபடி அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் பிரேக்கிடம் கேட்டுச் சொல். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எப்படி உட்காருகிறார்?

தம்பி


மே 24

என் கண்ணுத் தம்பிக்கு,

இதை முதலிலேயே எழுதியிருக்கக் கூடாதா? முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், உனக்கு மட்டும் சறுக்கக் கூடாது என்று யார் சொன்னது?

உன் கடிதத்தில் குட்டிக்கரணம் அண்ணனைப் பற்றிய பகுதியை மட்டும் பிரேக்கிடம் சொன்னேன். உன் கேள்வியைக் கேட்டதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, திருட்டு முழி முழித்தார். "சாருக்கு நான் என்ன மேடம் சொல்றது? நான் உக்காரும்போதே பயந்துகிட்டேதான் உக்கார்றேன்" என்றார். அவ்வளவுதான் பதில். அப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார். "கவுந்தாரே, அந்த அண்ணன், அவர்கிட்ட சார் அதுக்கப்புறம் பேசினாரா?"

அதை உன்னிடம் கேட்கச் சொல்லவில்லை. நான்தான் எழுதுகிறேன். பேசினாயா?

நான் உனக்கு உபதேசம் பண்ணப் போவதில்லை, எனக்கு அது வராது. ஒன்று மட்டும் சொல்கிறேன். யாரையாவது நம்ப வேண்டியிருக்கும்போது, "இவரிடம் என்ன இருக்கிறது" என்று நான் பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. "ஆண்டவரே, நீர் இவரிடம் எதைப் பார்க்கிறீர், எனக்கும் கொஞ்சம் காட்டும்" என்று கேட்டுவிட்டுப் பார்த்தால் ஏதாவது தெரிகிறது. தெரியாத நாளும் உண்டு. அன்றைக்குச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

நீ அவரை அனுப்பினாலும் நீ என் தம்பிதான். ஆனால் பயத்தில் அனுப்பாதே.

உனக்காகவும் அந்த அண்ணனுக்காகவும் நாங்கள் இரண்டு பேரும் தினமும் பள்ளி திறக்கும்போது ஜெபம் பண்ணுகிறோம். பிரேக் கண்ணைத் திறந்துகொண்டுதான் ஜெபம் பண்ணுவார், தொழில் பழக்கம் என்கிறார்.

உன் அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்கா,

பேசினேன். மார்ச்சுக்குப் பிறகு முதல்முறையாக. அவர் லாரி கொட்டகையில் சக்கரத்துக்கு நிழலில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் எழுந்துகொண்டார், துணிமணியைக் கட்டச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "உக்காருங்க. என்ன செஞ்சா உங்களுக்கு ஓட்ட வரும்?" என்று கேட்டேன். "நீங்க கத்தாம இருந்தா வரும் சார்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சுரங்கத்தில் வேலை இல்லை. ஆராதனை முடிந்ததும் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, காலி லாரியை எடுத்தோம். கத்தாமல் இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேனே தவிர, என் வாயைப் பற்றி எனக்குத் தெரியாதா? வேறு வழி தோன்றவில்லை. ஏணியில் ஏறி உட்கார்ந்ததும் பாட்டிலைத் திறந்து வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டேன். கன்னம் இரண்டும் உப்பிப்போய், ஒரு சொல்கூடச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதே.

மேடு ஏறும்போது எதிரே தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்கிற வண்டி இறங்கி வந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டி வரும் என்று யாருக்கும் தெரியாது. கவிழ்ந்த அதே வளைவுதான். நான் கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரை வாயில் அடக்கிக்கொண்டு, உள்ளுக்குள்ளே ஆண்டவரை மட்டும் கூப்பிட்டேன். குட்டிக்கரணம் அவசரப்படவில்லை. நிறுத்தினார். கண்ணாடியைப் பார்த்தார். அத்தனை பெரிய வண்டியை மெல்லப் பின்னால் விட்டு, அகலமான இடத்தில் ஒதுங்கி நின்று, தண்ணீர் வண்டியைப் போகவிட்டார். அப்புறம் மேலே ஏறினார். நானாக இருந்தால் அந்த இடத்தில் ஓரமாகவே போகச் சொல்லிக் கத்தியிருப்பேன். மறுபடி கவிழ்ந்திருப்போம்.

உச்சியில் நிறுத்தி என்னைப் பார்த்து, "சார், ஏதாச்சும் சொல்லணுமா?" என்றார். தண்ணீரை விழுங்கிவிட்டு, "ஒண்ணும் இல்லண்ணே. இறங்கலாம்" என்றேன். அவரை அண்ணன் என்று நான் கூப்பிட்டது எனக்கே அப்புறம்தான் உறைத்தது. கீழே வரும்வரை அவர் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார்.

வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவரோடு இன்னும் இரண்டு பேரையும் தேற்றியிருக்கிறேன். மேலதிகாரி எனக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார்.

புதுப்பிக்கிற தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். தலைமை மாஸ்டர் என்ற இடத்தில் அவர் பெயரை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். முழுப்பெயர் என்ன என்று இத்தனை வருஷம் நான் கேட்டதே இல்லை, என் பெட்டியில் கிடந்த பழைய மாணவர்கள் பட்டியலின் நகலைத் தேடிக் கண்டுபிடித்தேன். மாஸ்டருக்கு என் வணக்கத்தைச் சொல். ஆகஸ்ட்டில் லீவில் வருகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போக வேண்டும், ஓட்டுவது நான். ஆனால் சாலையில் சம்மணம் கூடாது, அதில் மாற்றமில்லை.

தம்பி


ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் காலையில் வந்தது. தண்ணீர் வாயோடு நீ உட்கார்ந்திருந்த இடத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் மீசை மாஸ்டர் எதிர்க்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர்மேல் இருந்த கோபம்கூடக் குறைந்துவிட்டது. அவரையும் டீ குடிக்கக் கூப்பிட்டேன், வந்தார்.

நம்மவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசிப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டினேன். தாளையும் காட்டினேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அதை வாங்காமல் எட்ட நின்றே பார்த்தார். "சார் என்னை என்னன்னு எழுதியிருக்காரு மேடம்?" என்று கேட்டார். "மாஸ்டர்னு எழுதியிருக்கான்" என்றேன். "அந்த வரியை மட்டும் இன்னொரு வாட்டி படிங்களேன்" என்றார். படித்தேன். துணியை எடுத்துக்கொண்டு காரின் அந்தப் பக்கம் போய், ஏற்கெனவே பளபளவென்று இருந்த கதவையே ரொம்ப நேரம் துடைத்தார். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பத்து மணிக்குப் புது மாணவி வந்தாள். ஏதோ ஆபீஸில் வேலை பார்க்கிற பெண். வேறு ஊரில் நாலு தடவை தோற்றவளாம். வாசலிலேயே நின்றுகொண்டு, "எனக்கு வருமான்னு தெரியல. இங்க மாஸ்டர் யாரு?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் காருக்குப் பின்னாலிருந்து வந்தார். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "நான்தாம்மா. ஏறுங்க" என்றார்.

உன் அக்கா